வழிநூலுக்குப் பரிசு கொடுக்கலாமா?

தேவகோட்டையில் வாசகர் வட்டம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் சிறுகதைப் போட்டிக்கு வந்தவற்றில் மூன்று கதைகள், ஏற்கெனவே வந்த நாவல்களின் பாத்திரங்களை வைத்து எழுதியவை. ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறார்கள். இவற்றைப் பரிசுக்கு எடுத்துக்கொள்ளலாமா, எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடலாமா? பெரிய விருதுகளில் இந்த மாதிரி எழுத்துக்கு இடம் உண்டா?"

எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஒதுக்குவதற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் எடுத்துக்கொண்டபின் மற்றக் கதைகளைப் படிப்பதுபோல் இவற்றைப் படித்துவிட்டுப் போக முடியாது. இதற்கென்று ஒரு வாசிப்பு முறை வேண்டும். அந்த முறையை வெளியூரில் தேட வேண்டியதில்லை, நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. கல்லூரியில் 31 ஆண்டுகள் தமிழ் நடத்தினேன். காரைக்குடிப் பக்கத்துப் போட்டிகள் பலவற்றில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கதைக்கு என் கண்ணெதிரே அநியாயம் நடந்ததால் இந்தக் கேள்வியை நான் நெடுநாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கதை. நான்கைந்து வருடங்களுக்கு முன் இங்கே ஓர் அமைப்பு நடத்திய போட்டி, பெயர் வேண்டாம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், கோடு போட்ட தாளில் ஒன்பது பக்கம் கையால் எழுதி அனுப்பியிருந்தாள். 'பொன்னியின் செல்வ'னில் வரும் வாணி அம்மைதான் கதையின் நாயகி. நினைவிருக்கும் உங்களுக்கு: பேசவும் கேட்கவும் முடியாத அந்தத் தாய், மகன் சேந்தன் அமுதனோடு தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூக்கைங்கரியம் செய்து வாழ்கிறாள். கடைசியில் அவன் அவள் பெற்ற பிள்ளை இல்லை, சோழ அரசி செம்பியன் மாதேவியின் மகன் என்பது வெளிப்படுகிறது. அவனே உத்தம சோழனாக முடி சூடுகிறான். அந்தப் பெண் எடுத்துக்கொண்டது முடிசூட்டு நாளின் காலையை. வாணி அம்மை வழக்கம்போல் இரண்டு பூக்குடலைகளை எடுத்துக்கொண்டு நந்தவனத்துக்குப் போகிறாள். இரண்டையும் நிறைக்கிறாள். ஊரே முரசு கேட்கிறது, அவளுக்குக் கேட்காது. காலடியில் மண் அதிர்வதை மட்டும் உணர்கிறாள். எதற்காக இந்த மண் இப்படி நடுங்குகிறது என்று குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். கோயில் வாசலுக்கு வந்த பிறகுதான் இரண்டாவது குடலையை யாரிடம் கொடுப்பது என்ற நினைப்பு வருகிறது. கதை அங்கே நின்றுவிடுகிறது.

முதல் பக்கத்தின் தலையில் அவளே எழுதியிருந்தாள்: "வாணி அம்மையையும் அமுதனையும் கல்கியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நந்தவனத்தில் நடப்பது என்னுடையது." அந்த வரியின்மேல் உடன் நடுவர் ஒருவர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, 'சொந்தக் கற்பனை இல்லை, தகுதி இல்லை' என்று எழுதிவிட்டார். கதை விவாதத்துக்கே வரவில்லை. நான் கேட்டபோது, "அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு நம் வீட்டில் எப்படிப் பரிசு கொடுப்பது?" என்றார். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லும் பேச்சா இது என்று எனக்குப் பொறுக்கவில்லை. நம் பக்கத்தில் ஆண்வாரிசு இல்லாத வீடுகளில் பங்காளி வீட்டுப் பிள்ளையைச் சுவீகாரமாக, அதாவது தத்தாகக் கூட்டிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக நடப்பது. கூட்டிவந்த பிள்ளைக்குப் புள்ளி என்ற குடும்பக் கணக்கில் இடம் உண்டு, கோயிலில் பங்கு உண்டு, வீட்டு நடுமுற்றமான வளவில் கல்யாணம் உண்டு. சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்து, காரைக்குடிக்குச் சுவீகாரம் வந்து நாராயணன் ஆனவர்தான் பின்னால் கண்ணதாசன். எந்த வீட்டில் பிறந்தார் என்று கேட்டுவிட்டா அவர் பாட்டைக் கேட்கிறோம்?

போட்டி முடிந்த பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எங்க ஐயா சுவீகாரம் வந்தவுக ஆச்சி. அவுகளப் பெத்த ஆத்தா, அவுக போன பெறகும் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு தட்டு எடுத்து வச்சுட்டு, அப்புறம் ஒண்ணத் திருப்பி வைக்குமாம். அப்பத்தா சொல்லுவாக. பொன்னியின் செல்வன் படிக்கையில எனக்கு வாணி அம்மை நெனப்புத்தான் வந்துச்சு" என்றாள். அவள் வீட்டில் பெற்றவள் இழந்தாள். கல்கியிடம் வளர்த்தவள் இழக்கிறாள். இடம் மாறியும் தட்டு இரண்டுதான், குடலை இரண்டுதான். இதைச் சொந்தக் கற்பனை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது இலக்கணத்துக்கு வருகிறேன். நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுக்கிறது. வழிநூலுக்கு அது சொல்லும் இலக்கணம் இது:

"முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்."

முன்னவர் நூலின் முடிவோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் பின்னால் வருகிறவன் தான் விரும்பும் வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அந்த வேறுபாடு மரபை அழிக்காததாக இருக்க வேண்டும். சார்புநூலுக்கு இன்னும் கொஞ்சம் சுதந்திரம்: ஒருபக்கம் ஒத்திருந்து, மற்றபடி திரிந்து வேறாகலாம். பவணந்தி முனிவர் இதைச் சாத்திர நூல்களை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பது தெரியும். இருந்தாலும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோலை நான் எங்கும் காணவில்லை. இதில் வழிநூல் தாழ்ந்தது என்று ஒரு சொல் உண்டா? பின்னோன் வேண்டும் விகற்பம் இருக்கிறதா என்ற ஒரு கேள்விதான். அந்தப் பெண்ணின் தாளில் முதல் வரியே அந்த விகற்பத்தைத்தான் கணக்குக் காட்டியது. ஃபேன் ஃபிக்‌ஷன், ரசிகர் புனைவு என்று இன்றைக்கு நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி வழிநூல், மீதி சார்புநூல். பெயர் புதிது, பிள்ளை பழையது.

சைவர்கள் இதை இன்னும் அழகாக வைத்திருக்கிறார்கள். சுந்தரர் பதினொரு பாட்டில் அடியார்களின் பெயர்களை அடுக்கினார், அது தொகை. நம்பியாண்டார் நம்பி அதையே அந்தாதியாக விரித்தார், அது வகை. சேக்கிழார் அதை நாலாயிரத்துச் சொச்சம் பாட்டில் பெரியபுராணம் ஆக்கினார், அது விரி. மூவரில் யாரையும் நாம் நகலெடுத்தவர் என்று சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் நமக்கு நாட்டரசன்கோட்டை இருக்கிறது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து, பங்குனி மாத அத்த நட்சத்திரத்தன்று அங்கே கம்பர் சமாதியில் கூடுவது நம் வழக்கம். சமாதி மண்ணைக் குழந்தை நாக்கில் வைத்தால் வாக்கு வரும் என்பார்கள். என் அப்பத்தா எனக்கும் வைத்ததாகச் சொல்வார்கள். அந்த மண்ணுக்குள் இருப்பவர் பாடியது யாருடைய கதை? அவரே ஒளிக்காமல் சொல்கிறார்: "தேவ பாடையின் இக்கதை செய்தவர் மூவர் ஆனவர்" என்று தொடங்கி, அவர்களில் முந்திய நாவினான் உரையின்படி தமிழ்ப் பாவால் சொல்கிறேன் என்கிறார். முந்திய நாவினான் வான்மீகி. இன்றைக்கு இணையத்தில் எழுதும் பெண்கள் கதைக்கு மேலே 'பாத்திரங்கள் என்னுடையவை அல்ல' என்று ஒரு வரி போடுகிறார்களே, அதுவேதான் இது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று தன்னைச் சொல்லிக்கொண்டதும் அதே அவையடக்கத்தில்தான்.

அப்படிச் சொல்லிவிட்டு அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். மிதிலைத் தெருவில் இராமன் நடந்து போகிறான்; கன்னிமாடத்திலிருந்து சீதை பார்க்கிறாள்; "அண்ணலும் நோக்கினான், அவளும் நோக்கினாள்." வில் முறிப்பதற்கு முந்திய இந்தச் சந்திப்பு வான்மீகியில் கிடையாது. ரசிகர் புனைவு எழுதுகிறவர்கள் 'விடுபட்ட காட்சி' என்று ஒரு வகையே வைத்திருக்கிறார்கள்: மூல ஆசிரியர் எழுதாமல் விட்டதை எழுதுவது. தமிழில் அதற்கு இதைவிடப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டா? வான்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பர் அதைத் தாங்கமாட்டாமல், பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுக்கவைத்தார். பிடித்த பாத்திரத்துக்கு நேர்ந்த கொடுமையைச் சகிக்காமல் கதையைத் திருத்துவது என்பது ரசிக மனத்தின் வேலை. ஒரு மகாகவி அதைச் செய்தபோது அது காப்பியத்தின் தர்மமாக நின்றது. விபீடணன் வாயால் வரும் இரணியன் கதையும் கம்பர் சேர்த்ததே. திருவரங்கத்து அரங்கேற்றத்தில் அந்தப் பகுதிக்குத்தான் ஆட்சேபம் வந்தது என்றும், அந்தக் கோயிலில் இருக்கும் நரசிம்மர், மேட்டழகிய சிங்கர், தலையசைத்து ஒப்புக்கொண்டார் என்றும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. மூலத்தில் இல்லையே என்று கேட்ட நடுவர் அன்றும் இருந்திருக்கிறார் என்றுதான் நான் அந்தக் கதையைப் புரிந்துகொள்கிறேன்.

பெரிய விருதுகளில் இடம் உண்டா என்று கேட்டீர்கள். எப்போதோ கொடுத்துவிட்டார்கள். 1955இல் சாகித்திய அகாதெமி விருது தொடங்கிய ஆண்டிலேயே கன்னடத்தில் குவெம்புவின் 'ஸ்ரீ ராமாயண தரிசனம்' பரிசு பெற்றது. 1967இல் அவருக்கு ஞானபீடமும் வந்தது. தமிழில் 1958ஆம் ஆண்டு அகாதெமி விருது ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமக'னுக்கு. மராத்தியில் காண்டேகரின் 'யயாதி' 1960இல் அகாதெமி விருது பெற்றது. மகாபாரதத்தில் ஒரு கிளைக்கதையாக வரும் மன்னனை அவர் ஒரு முழு நாவலின் நடுவில் உட்காரவைத்தார். தெலுங்கில் விசுவநாத சத்தியநாராயணாவுக்கு 1970இல் ஞானபீடம் வாங்கித் தந்தது 'ராமாயண கல்பவிருட்சம்'. வெளிநாட்டிலும் இப்படியே. வர்ஜீனியா உல்ஃபின் 'மிஸஸ் டாலோவே'யை அடியொற்றி மைக்கேல் கன்னிங்ஹாம் எழுதிய நாவலுக்கு 1999இல் புலிட்சர். மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையை, அதே படகில் போகும் அடிமை ஜிம்மின் வாயால் திருப்பிச் சொன்ன பெர்சிவல் எவரெட்டுக்கு 2024இல் அமெரிக்க தேசியப் புத்தக விருது, மறு ஆண்டு புலிட்சர்.

ஆக, விருது கொடுப்பவர்களுக்கு இரவல் பாத்திரம் ஒரு தடையாக இருந்ததே இல்லை. பெயர் வாங்கியவர் எழுதி, பதிப்பகம் அச்சிட்டு, கெட்டி அட்டையோடு வந்தால் 'மறுவாசிப்பு' என்கிறோம். பத்தொன்பது வயதுப் பெண் கைப்பேசியில் எழுதி வாட்பேட், பிரதிலிபி போன்ற இணையத் தளங்களில் போட்டால் 'ஃபேன் ஃபிக்‌ஷன்' என்கிறோம். எழுத்தின் உடம்பில் இந்த வேறுபாட்டைக் காட்டுங்கள் என்றால் யாராலும் காட்ட முடியவில்லை. இந்த வகையை எழுதுகிறவர்களில் பெண்பிள்ளைகள் மிக அதிகம் என்பதையும், அதனால்தான் இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது என்பதையும் நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது 2019இல் டப்ளினில் வழங்கப்பட்டபோது, ரசிகர் புனைவுகளைச் சேர்த்துவைக்கும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற இணையக் களஞ்சியத்துக்கு ஒரு விருது கிடைத்தது. அது களஞ்சியத்துக்குத்தான், அதிலிருக்கும் எந்தத் தனிக்கதைக்கும் இல்லை. தனிக்கதையைக் கையில் எடுத்துப் படித்து எடைபோடும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. உங்கள் வட்டம் மாதிரிச் சின்ன இடங்கள்தான் அதை முதலில் செய்ய முடியும்.

மறுப்புச் சொல்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அவர்களுடைய வலுவான வாதம், இந்தக் கதைகள் தாமாக நிற்பதில்லை என்பது. வந்தியத்தேவன் யார், நந்தினி யார் என்று வாசகனுக்கு முன்பே தெரியும். அதனால் ஆளை அறிமுகம் செய்யும் உழைப்பு எழுதுகிறவருக்கு மிச்சமாகிறது. மூல ஆசிரியர் ஐந்து பாகம் எழுதிச் சேர்த்துவைத்த அன்பை இவர் ஒரே பக்கத்தில் எடுத்துச் செலவழிக்கிறார். மெய்தான். நான் படித்த ரசிகர் புனைவுகளில் பாதிக்கு மேல் இப்படிச் செலவழிப்பவைதான். பிடித்த இருவரை மறுபடி சந்திக்கவைப்பதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும்.

ஆனால் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். (இங்கே காரைக்குடியில் 'ஊழியன்' பத்திரிகையில் கொஞ்சகாலம் வேலை பார்த்தவர் அவர். அந்தத் தெருக்களில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.) கல்லாகக் கிடந்து இராமன் கால் பட்டு எழுந்த அகலிகை, திரும்பி வந்த சீதையின் வாயால் தீக்குளிப்பைக் கேட்டறிகிறாள். இராமனே கேட்டானா என்று அவள் அதிர்கிறாள். கடைசியில் மறுபடியும் கல்லாகிறாள். இராமாயணம் தெரியாதவர்களுக்கு இந்தக் கதையில் அடி விழாது. விமோசனம் கொடுத்தவன் எவனோ அவனே இதையும் கேட்டான் என்பது நம் நெஞ்சில் ஏற்கெனவே இருந்தால்தான் வலிக்கும். அப்படியானால் அவர் வான்மீகியிடமும் கம்பரிடமும் இரவல் வாங்கி, அவர்களுக்கே எதிராக அதைத் திருப்பினார். மூலத்தின் மேல் நிற்பது குறை என்றால் தமிழின் மிகச் சிறந்த சிறுகதைகளில் ஒன்றை நாம் கீழே இறக்க வேண்டியிருக்கும். மூலத்தின் மேல் ஏறி நிற்கலாம். நின்றுகொண்டு முன்னவர் பார்க்காத எதையாவது பார்த்தாரா என்பதே நடுவர் கேட்க வேண்டியது.

பாரதியும் 'பாஞ்சாலி சபத'த்தின் முன்னுரையில், இதை வியாச பாரதத்தின் மொழிபெயர்ப்பென்றே கருதிவிடலாம், தன் சொந்தச் சரக்கு அதிகமில்லை, தமிழ் நடைக்கு மாத்திரமே தான் பொறுப்பு என்றார். அந்த அடக்கத்தை நம்பி, சிவப்பு மைக்கார நடுவர் அதையும் தள்ளியிருப்பார். கூந்தலை விரித்து நிற்கும் பாஞ்சாலியிடம் அடிமை நாட்டின் கோபம் எப்படி வந்து ஏறியது என்பதை முன்னுரை சொல்லாது. பாட்டைப் படித்தால்தான் தெரியும். விகற்பம் சில சமயம் கதையில் இராது, நடையின் சூட்டில் இருக்கும்.

அந்தப் பெண்ணின் கதையையும் இதே அளவுகோலில் வைத்துச் சொல்கிறேன். நான் அதற்கு முதல் பரிசு கொடுத்திருக்க மாட்டேன். ஒன்பது பக்கத்தில் நடுவில் மூன்று பக்கம் கல்கியின் குரலையே இரவல் வாங்கிவிட்டாள்: வாசகர்களைக் கூப்பிட்டுப் பேசுவது, 'அடடா' போடுவது, அத்தியாயத்தை முடிச்சில் நிறுத்துவது. பாத்திரத்தை இரவல் வாங்கலாம், மூச்சையும் வாங்கினால் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. ஆனால் மண்ணில் உள்ளங்கையை வைக்கும் அந்த ஒரு பக்கம், அந்த ஆண்டு வந்த எந்தக் கதையிலும் இல்லாத பக்கம். அதற்கு இரண்டாம் பரிசு தகும் என்று சண்டை போட்டிருப்பேன். சண்டை போட இடமே கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொரு மறுப்பு உரிமை பற்றியது. இதில் கம்பரை இழுத்து நியாயம் பேசக் கூடாது. இராமகதை ஊர்ப்பொது ஊருணி மாதிரி, யாரும் இறங்கி மொண்டுகொள்ளலாம். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நாவல் அவர் வீட்டுக் கிணறு. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை அவர் குடும்பத்தாரிடமோ அவர் எழுதிக்கொடுத்தவரிடமோ இருக்கும். தழுவி எழுதும் உரிமையும் அதில் அடக்கம். தன் படைப்பைத் தன் மதிப்புக்குக் கேடு வரும்படி சிதைத்தால் தடுக்கும் உரிமையை 57ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தனியே கொடுக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதனால் வாணி அம்மைக்குச் சட்டச் சிக்கல் இல்லை. விக்கிரமன் 'பொன்னியின் செல்வ'னின் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' எழுதியதையும் தமிழ் வாசகர்கள் ஆசையோடுதான் படித்தார்கள்.

உயிரோடிருப்பவர்களின் மனம் வேறு. செர்வாண்டிஸ் 1605இல் 'டான் கிஹோட்டே' முதல் பாகத்தை வெளியிட்டார். அவர் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1614இல் அவெல்லனேதா என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் போலியாக ஒரு இரண்டாம் பாகம் வெளியிட்டுவிட்டார். மறு ஆண்டு செர்வாண்டிஸ் தம்முடைய இரண்டாம் பாகத்தை வெளியிட்டபோது, அந்தப் போலிப் புத்தகத்தில் நாயகன் சரகோசாவுக்குப் போகிறான் என்பதற்காகவே தன் நாயகனை அந்த ஊருக்குப் போகவிடாமல் பார்சிலோனா பக்கம் திருப்பினார். அந்த வலி எனக்குப் புரிகிறது. அதே சமயம், உரிமை என்ற பெயரில் எதிர்க்குரலை அமுக்கவும் முடியும். அமெரிக்காவில் 'கான் வித் த விண்ட்' நாவலை அடிமைப் பெண்ணின் பக்கமிருந்து ஆலிஸ் ராண்டல் திருப்பி எழுதியபோது, 2001இல் உரிமைக்காரர்கள் தடை வாங்கினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதனால் உயிரோடிருப்பவரின் பாத்திரம் என்றால் அவரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் கதையை அச்சிடவோ பணப்பரிசு கொடுக்கவோ வேண்டாம். படித்து நாலு வார்த்தை எழுதி அனுப்புங்கள், எழுதிய பிள்ளைக்கு அது போதும். நடிகர்களையும் கிரிக்கெட்காரர்களையும் பாத்திரமாக்கி வரும் கதைகளை மட்டும் நான் வாங்கவே மாட்டேன். அவர்கள் பாத்திரங்கள் இல்லை, மனிதர்கள். அவர்களுக்கும் வீடு வாசல் பெண்டு பிள்ளை இருக்கிறது.

இனி உங்கள் போட்டிக்கு. தனிப்பிரிவு வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அது தனிப்பந்தி போடுவதுதான். கல்யாண வீட்டில் ஒரு பந்தியில்தான் எல்லாரையும் உட்காரவைக்க வேண்டும். அறிவிப்பில் இரண்டு வரி சேருங்கள்: வேறு படைப்பின் பாத்திரங்களை எடுத்து எழுதியவர்கள் எதை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைக் கதைக்கு மேலேயே எழுத வேண்டும், சொல்லாமல் எடுத்தது தெரிந்தால் கதை நீக்கப்படும். நடுவர்களில் ஒருவராவது மூலத்தைப் படித்தவராக இருக்கட்டும், ஒருவராவது படிக்காதவராக இருக்கட்டும். படிக்காதவர் கதை அவருக்குப் புரிந்ததா, எங்கே இடறியது என்று சொல்வார். படித்தவர் இதில் எது முன்னவருடையது, எது புதிதாக வந்தது என்று பிரித்துச் சொல்வார். இரண்டு பேச்சையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்டால், பத்து நிமிடத்தில் கதையின் எடை தெரிந்துவிடும். படிக்காத நடுவரின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தள்ளவும் கூடாது, 'சாபவிமோசனம்' நினைவிருக்கட்டும்.

அந்தப் பெண் பிறகு என்ன செய்தாள் என்று சொல்ல விட்டுவிட்டேன். மறு ஆண்டு வேறோர் ஊர்ப் போட்டிக்கு அதே கதையை அனுப்பினாள். வாணி அம்மையை எடுத்துவிட்டு, காரைக்குடியில் வளவு வைத்த ஒரு வீட்டில் ஒரு தாயைப் போட்டிருந்தாள். குடலைக்குப் பதில் தட்டு. முடிசூட்டுக்குப் பதில் சுவீகாரச் சடங்கு. பரிசு கிடைத்தது. அசலான கற்பனை என்று பாராட்டுரையில் எழுதியிருந்தார்கள். எனக்குக் கொண்டுவந்து காட்டினாள். நல்ல கதைதான், கல்கியின் 'அடடா'வெல்லாம் போய்ச் சுத்தமாக இருந்தது. உலகச் சந்தையிலும் இதுதான் நடக்கிறது: வேறொருவர் நாவலின் ரசிகர் புனைவாக இணையத்தில் தொடங்கிய கதை, பெயர்களை மாற்றியதும் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்று கோடிக்கணக்கில் விற்றது. பெயரை உரித்ததும் எல்லாம் சொந்தமாகிவிடுகிறது.

ஆனால் அந்தப் புதிய கதையில் முரசு இல்லை. ஊரே கேட்கிற சத்தத்தைக் காலால் மட்டும் கேட்கிற தாய் இல்லை, அவள் கல்கியோடு போய்விட்டாள். "அந்த இடம் எங்கே?" என்று கேட்டேன். "அது இந்த வீட்டுல நடக்காது ஆச்சி, அதான் எடுத்துட்டேன்" என்றாள்.

பழைய ஒன்பது பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. உங்கள் நடுவர்கள் கூடும் நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள் தம்பி. பங்குனி அத்தம் முடிந்த பிறகு என்றால் எனக்கு வசதி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அந்தச் சிவப்புக் கோட்டோடு அப்படியே எடுத்து வருகிறேன்.